வீடு வாங்குமுன் கூரையின் வயதைக் கேளுங்கள்



வீடு வாங்குவது பற்றி நம்மவர் கூடும் இடங்களில் பேசப்படுபவை பெரும்பாலும் மூன்று விடயங்களே: விலை என்ன, வட்டி எத்தனை வீதம், கோவிலுக்கும் பாடசாலைக்கும் எவ்வளவு தூரம். கூரைக்கு எத்தனை வயது என்று கேட்பவர் குறைவு. நாங்களும் கேட்கவில்லை. அடுத்தவரின் ஐந்தொகையில் மறைந்திருக்கும் கடனைத் தேடிக் கண்டுபிடிப்பதே எமது தொழில். ஆனால் எமது சொந்த வீட்டில் அதைச் செய்யத் தவறினோம். அந்தத் தவறிலிருந்து கற்றதை இங்கே பாடமாகத் தருகின்றோம்.

எமக்கு நேர்ந்தது

2010இல் அகதியாகக் கனடா வந்த நாங்கள், 2016இல் ஸ்காபரோவில் 1961ஆம் ஆண்டு கட்டப்பட்ட வீடொன்றை வாங்கினோம். விளம்பரத்தில் ‘புதுக் கூரை’ என்று இருந்தது. போட்டிக்கு ஆறு பேர் நின்றபடியால், பரிசோதனை நிபந்தனையைக் கைவிட்டு விலை எழுதினோம். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம்.

2018 பெப்ரவரியில் பிள்ளைகளின் அறைச் சீலிங்கில் ஈரம் தெரிந்தது. மறுநாள் சொட்டத் தொடங்கியது. கூரைக்காரர் ஏறிப் பார்த்தார். பழைய சிங்கிள்ஸைக் கழற்றாமல் அதன்மேலேயே புதியதை அடித்திருந்தார்கள். அடியில் பலகை உக்கிக் கிடந்தது. இரண்டு அடுக்கையும் கழற்றி, பலகை மாற்றி, புதிதாகப் போட 13,800 டொலர் முடிந்தது.

அந்தக் காசு வேறொரு கூரைக்காகச் சேர்த்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, மறு ஆண்டு திரும்பியபோது எமது வீட்டில் சுவர் இருந்தது, ஓடு இல்லை. அங்குமிங்கும் கிடைத்த பழைய ஓடுகளைப் போட்டுக்கொண்டுதான் அம்மா அங்கே இருந்தார். அதை முழுதாக மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம். அந்த மாரியிலும் அடுத்த மாரியிலும் அம்மா ஒழுக்குக்குச் சட்டி வைத்தார். தொலைபேசியில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சகோதரி சொல்லித்தான் அறிந்தோம்.

இது ஓடு அல்ல, கிடுகு

ஊரில் ஓட்டுக் கூரை தலைமுறைகளுக்கு நிற்கும். உடைந்த ஓட்டை மாற்றி, பீலியைத் துப்புரவாக்கினால் போதும். கிடுகுக் கூரை அப்படியல்ல. மாரிக்கு முன் வேய வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காசும் ஒதுக்கி வைப்பார்கள்.

கனடாவில் பெரும்பாலான வீடுகளில் உள்ள தார்ச் சிங்கிள்ஸை நாம் ஓடு என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது கிடுகின் இனம். வெயிலும் பனியும் பட்டு, ஏறக்குறைய 15 முதல் 25 ஆண்டுகளில் அதன் காலம் முடியும். தெற்குப் பார்த்த சரிவு வெயிலால் முன்னதாகவே தேயும். ‘30 ஆண்டு உத்தரவாதம்’ என்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அது பெரும்பாலும் பொருளின் குறைபாட்டுக்கு மட்டுமே. ஆண்டு செல்லச் செல்ல அதன் பெறுமதியும் குறையும்.

எப்படிப் பார்ப்பது?

1. தெருவில் நின்று கூரையைப் பாருங்கள். சிங்கிள்ஸின் ஓரம் சுருண்டிருக்கிறதா? நடுவில் பள்ளம் தெரிகிறதா? கூரை விளிம்பில் இரண்டு அடுக்குத் தெரிகிறதா?

2. பீலிக்குள்ளும் அதன் குழாய் முடியும் இடத்திலும் மணல் போன்ற துகள்கள் நிறையக் கிடந்தால், சிங்கிள்ஸ் தேய்கிறது என்று பொருள்.

3. சீலிங்குக்கு மேலுள்ள அட்டிக்கை ரோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலகையில் கறுப்புக் கறை, ஈரம், பூஞ்சணம் இருந்தால் காரணம் கேளுங்கள். புதிதாகத் தீந்தை பூசிய சீலிங் கறையை மறைக்கும், அட்டிக் மறைக்காது.

4. அட்டிக்கில் வெப்பக் காப்பும் காற்றோட்டமும் போதுமா என்று கேளுங்கள். வீட்டுச் சூடு மேலே கசிந்தால் கூரைப்பனி உருகி வழிந்து, குளிர்ந்த விளிம்பில் மீண்டும் உறைந்து அணை போலாகும். பின்னால் தேங்கும் தண்ணீர் சிங்கிள்ஸின் கீழ் ஏறி உள்ளே இறங்கும். நல்ல கூரையும் இதனால் ஒழுகலாம்.

5. ‘புதுக் கூரை’ என்றால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். எந்த ஆண்டு, பழையதைக் கழற்றினார்களா, பலகை மாற்றினார்களா என்பது அதில் இருக்கும். பனி மூடிய காலத்தில் வாங்குபவருக்கு இது மிகவும் அவசியம். பரிசோதகராலும் பனிக்குக் கீழே பார்க்க முடியாது.

வீட்டின் வயது சொல்வது என்ன?

பழைய வீடு என்றால் கெட்ட வீடு என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு காலத்து வீட்டுக்கும் ஒரு கேள்வி உண்டு.

1950க்கு முந்திய வீடு: பீங்கான் குமிழ்களில் கட்டிய பழைய மின்கம்பி, 60 அம்பியர் இணைப்பு, உள்ளே துருப்பிடித்து அடைபட்ட இரும்புக் குழாய்.

1960களின் நடுவிலிருந்து 1970களின் இறுதி வரை: அலுமினிய மின்கம்பி. 1970களில் சில வீடுகளின் சுவருக்குள் யூரியா நுரைக் காப்பு அடிக்கப்பட்டது. கனடா அதை 1980இல் தடை செய்தது.

1990களின் நடுவிலிருந்து 2000களின் நடுவுக்குப் பின்வரை: சில வீடுகளில் கைட்டெக் எனப்படும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். பின்னாளில் இது வெடித்துக் கசிந்து வழக்கு வரை போனது.

வீட்டுக் காப்புறுதி தருவோர் கூரையின் வயதையும் மின்கம்பியின் வகையையும் கேட்பார்கள். ஆகவே ஒப்பந்தம் உறுதியாவதற்கு முன்னரே காப்புறுதி விலையைக் கேட்டு அறிந்து கொள்ளுங்கள்.

கணக்கு

வீட்டைப் பராமரிக்க அதன் விலையில் ஆண்டுக்கு ஒரு வீதம் ஒதுக்கச் சொல்வதுண்டு. ரொறன்ரோவில் விலையின் பெரும்பகுதி காணிக்கானது, காணி ஒழுகாது. ஆகவே வீட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கணக்கிடுவதே சரி. கீழ்வரும் தொகைகள் முறை விளங்குவதற்காக எடுத்தவை. உங்கள் வீட்டுக்கு விலை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கூரை: 12,000 டொலர், 20 ஆண்டு, ஆண்டுக்கு 600.
வெப்பமூட்டி: 6,000 டொலர், 15 ஆண்டு, ஆண்டுக்கு 400.
குளிரூட்டி: 4,500 டொலர், 15 ஆண்டு, ஆண்டுக்கு 300.
யன்னல்கள்: 15,000 டொலர், 25 ஆண்டு, ஆண்டுக்கு 600.
மொத்தம் ஆண்டுக்கு 1,900. மாதம் ஏறக்குறைய 160 டொலர்.

இப்பொழுது ஒரே விலைக்கு இரண்டு வீடுகள் வருகின்றன என்று வைப்போம்.

முதலாவது 60 ஆண்டு பழையது. கூரை போட்டு 4 ஆண்டு, வெப்பமூட்டியும் குளிரூட்டியும் 3 ஆண்டு, யன்னல் 10 ஆண்டு. தேய்ந்த பெறுமதி 2,400 + 1,200 + 900 + 6,000 = 10,500 டொலர்.

இரண்டாவது கட்டி 20 ஆண்டுதான், எதுவும் மாற்றப்படவில்லை. தேய்ந்த பெறுமதி 12,000 + 6,000 + 4,500 + 12,000 = 34,500 டொலர்.

‘இளைய’ வீடு 24,000 டொலர் கூடுதலான கடனோடு வருகிறது. வங்கிப் பத்திரத்தில் அந்தக் கடன் இராது. ஆனால் வசூலிக்க வரும்; அதுவும் பெரும்பாலும் மாசிப் பனியில் வரும். ஒன்ராறியோவில் சுடுநீர்த் தாங்கி பல வீடுகளில் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும். அந்த ஒப்பந்தமும் உங்கள் தலையில் வருகிறதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கூரை தேய்ந்திருப்பதால் மட்டும் வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. அந்தத் தொகையைக் கழித்து விலை பேசுங்கள். விலை இறங்காவிட்டால், அந்தத் தொகை கையில் மிஞ்சும் அளவுக்குச் சிறிய வீட்டைப் பாருங்கள். சீட்டுக் காசையும் நகையையும் சேர்த்து முற்பணமாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு குடிபுகுவதுதான் நம்மவர் செய்யும் பெரிய பிழை. பரிசோதனைக்குச் செலவாகும் சில நூறு டொலரைச் சேமிக்கப் போய் நாங்கள் 13,800 கொடுத்தோம்.

பயிற்சி

வீடு பார்க்கப் போகும்போது ஒரு தாளில் நான்கு கோடு போடுங்கள்: உறுப்பு, வயது, மிச்ச ஆயுள், மாற்றும் செலவு. கூரை முதலில் வரட்டும். பதில் தெரியாத இடத்தை வெறுமையாக விடாமல், ‘ஆயுள் முடிந்தது’ என்றே எழுதிக் கணக்குப் பாருங்கள். ஏற்கெனவே வீடு உள்ளவர்களும் இத்தாளை இவ்வாரமே நிரப்பி, மாதாந்தத் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வரலாம். பீலியை இலையுதிர்காலம் முடியுமுன் துப்புரவாக்குங்கள்.

அம்மாவின் வீட்டுக்கு 2020இல் புது ஓடு போட்டுக் கொடுத்தோம். இரண்டு ஆண்டு பிந்திவிட்டது. விற்றவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பிந்தியிராது. நீங்கள் கேளுங்கள்.