வட்டவளை மழைக்கு எந்தக் கமரா?

கமரா வாங்கப் போகிறவர்கள் சென்சரைக் கேட்டுத் தொடங்குகிறார்கள். எங்கள் பக்கத்தில் இருப்பவர் மழையைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். இலங்கையில் இதைவிட ஈரமான ஊர் அபூர்வம். வைகாசி பிறந்தால் லயத்துச் சுவரைத் தொட்ட கை நனைந்துவிடும். இங்கே கமராவைக் கொல்வது பூஞ்சணம்.

என்னுடைய முதல் சிறிய கமராவைக் கொன்றதும் அதுதான். கொழும்பில் ஒரு கடைக்காரர் 30 மடங்கு ஸூம் உள்ள ஒன்றை நீட்டி, "தூரத்துல நின்டே எடுக்கலாம், ஆளுக்குத் தெரியவே தெரியாது" என்றார். எங்கள் ஊர் மிஸ்டுக்குத் தாங்குமா என்று கேட்டேன். "பையில வச்சிருந்தா ஒன்னும் ஆகாது" என்று ஒரு தோல் உறையையும் தலையில் கட்டினார். அந்த வார்த்தைக்கு நான் கொடுத்த விலை கமராவின் விலையைவிடப் பெரியது. ஸூம் லென்ஸ் ஒவ்வொரு முறை வெளியே நீளும்போதும் உள்ளே காற்றை இழுக்கிறது. நம் காற்று என்றால் பாதி தண்ணீர். அந்த ஈரத்தைத் தோல் உறை பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரப்பதன் 60, 70 சதவீதத்தைத் தாண்டி, இருட்டும் சேர்ந்துவிட்டால் கண்ணாடியில் பூஞ்சணம் நூல் நூலாகப் படரும். விட்டால் மேற்பூச்சையே அரித்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படமெல்லாம் வெளிறிப்போனபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. தோட்டத்து மாரியம்மன் தேர் லயத்தடிக்கு வந்து, தூறலில் அத்தனை பேரும் தீபத்தட்டோடு நிற்கையில் லென்ஸ் பாதி நீண்டு அப்படியே இறுகிக்கொண்டது. அந்த வருடத்துத் தேரின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பழுது பார்ப்பவர் லென்ஸ் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டி ஏறியிருந்த நேரம் அது. அந்தப் பாகத்தின் விலை நான் கமராவுக்குக் கொடுத்ததற்கு மேலே போயிருந்தது.

சரி, ஸூம் இருந்து என்ன பயன்? ஹட்டன் வீதியில் வேனை நிறுத்தி, ஒரு முழ லென்ஸைக் கொழுந்துமலைப் பக்கம் திருப்புகிறவர்களைப் பாருங்கள். அக்காமார் அவர்களை முதலிலேயே கண்டுவிடுகிறார்கள். சிலர் முகத்தைத் திருப்புகிறார்கள், சிலர் காசுக்காகச் சிரிக்கிறார்கள். இரண்டில் எதுவும் அவர்களுடைய முகம் அல்ல. பெரிய கமரா மனிதரை நிறுத்தி வைக்கும். இங்கிருந்து வெகுதூரமில்லாத பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறக்கும்வரை தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் படம் எடுத்தார். மரப்பெட்டிக் கமரா, கண்ணாடித் தகடு, பல வினாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். அன்று வேறு வழியில்லை. இன்று உள்ளங்கைக் கமரா இருக்கும்போது அதே விறைப்பை மறுபடி எதற்கு உண்டாக்க வேண்டும்?

போன் போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். லயத்துக்குள் போனைத் தூக்கிப் பாருங்கள். "என்னா தம்பி, பேஸ்புக்ல லைவ் போடுறீங்களா?" என்று கேட்டுப் பெண்பிள்ளைகள் உள்ளே போய்விடுவார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சிறிய கமராவைப் பார்த்தால் யாருக்கும் அந்த நினைப்பு வருவதில்லை. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாக இருக்கிற ஊரில் ஒளிந்து எடுக்கவே முடியாது, எடுக்கவும் கூடாது. எடுத்த பிறகு திரையைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழியுங்கள், நல்ல படத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நகரத்து நண்பர்கள் ரிக்கோ ஜிஆர் 3 வாங்கச் சொன்னார்கள். 2019இல் வந்த அது 257 கிராம்தான், பெரிய சென்சர், ஷட்டர் சத்தமே கேட்காது. புறக்கோட்டை நெரிசலுக்கு அதுதான் சரி. ஆனால் அதற்கு மழைக்காப்பு இல்லை, லென்ஸும் வெளியே நீளும். பியூஜி எக்ஸ்100வி மழைக்குத் தாங்கும், அதற்கும் வளையமும் பில்டரும் தனியாகப் பூட்ட வேண்டும். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நான் வாங்கியது ஒலிம்பஸ் டிஜி-6. "கடலுக்குள்ள குதிக்கிறவன் வாங்குற கமராவை வச்சு வீதியில படம் எடுப்பியா?" என்று கேட்டவர்கள் அடைமழையில் தங்கள் கமராவைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு கடை ஓரமாக நிற்கிறார்கள், நான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 15 மீட்டர் ஆழத் தண்ணீரையே தாங்கும் உடம்பு. ஸூம் உள்ளுக்குள்ளேயே நகரும், வெளியே எதுவும் நீளாது. சென்சர் சிறியதுதான், இருட்டில் படம் பொரிந்துபோகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 12 மெகாபிக்சல் படம் ஒரு சஞ்சிகையின் முழுப் பக்கத்துக்குத் தாராளமாகப் போதும். சிவப்பிலும் கறுப்பிலும் வந்தது, கிடைத்தால் கறுப்பை எடுங்கள்.

வாங்கியவுடன் பீப் சத்தத்தையும் போகஸ் விளக்கையும் நிறுத்திவிடுங்கள். மிஸ்டில் எந்தக் கமராவும் போகஸுக்குத் தடுமாறும். ஆளின் தூரத்திலேயே இருக்கிற தகரக்கூரை விளிம்பு போன்ற அழுத்தமான கோட்டில் போகஸைப் பூட்டிவிட்டு ஆள் பக்கம் திருப்புங்கள். கமரா மிஸ்டின் வெண்மையைச் சாம்பலாக்கிவிடும் என்பதால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள். பெட்டரிக் கதவை மழையில் திறக்கவே வேண்டாம், உள்ளே போன ஈரம் பிறகு கண்ணாடியின் உட்பக்கம் வேர்க்கும். வீட்டில் இறப்பர் வளையம் வைத்த சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் சட்டியில் வறுத்து மறுபடி போடலாம். தோல் உறை வேண்டவே வேண்டாம்.

பழைய கமரா வாங்குபவர்கள் கையில் ஒரு டோர்ச் கொண்டு போங்கள். லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பார்த்தால் நூலும் புள்ளியும் தெரிந்துவிடும். பெட்டரி மூடியின் இறப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பார்க்க விடாமல் முகம் சுளிக்கிற கடையில் காசை எண்ணாதீர்கள்.