கேட்குதா? ஹாம் ரேடியோவில் கோளாறு பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967-ல் அமைந்த சிறிய உயிரியல் பூங்கா. அதற்கப்பால் காடும் அருவியும். வேலூரில் மொட்டை மாடியில் நின்று நண்பரோடு தெளிவாகப் பேசிய அதே கையடக்க செட்டை இங்கே கொண்டுவந்து பித்தானை அமுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஹாம் ரேடியோவுக்கு, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்களின் வயர்லெஸ் பேச்சுக்கு, புதிதாக வந்தவர் உடனே சொல்வார்: "செட் போச்சு."

செட் போகவில்லை. 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில் போகும். நடுவில் மலை நின்றால் அதுவும் நின்றுவிடும். பழுது கருவியிலா, இடத்திலா, இயக்கும் ஆளிடமா என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் ரேடியோ வேலையின் முதல் பாடம். கடைசிப் பாடமும் அதுவே. டவர் பராமரிப்பானாலும் காவல்துறை வயர்லெஸ் ஆனாலும் சம்பளம் இந்தத் திறமைக்குத்தான். அதைச் சொந்தச் செலவில், சொந்த நேரத்தில், தப்பு செய்து கற்க ஹாம் ரேடியோவைவிட மலிவான பட்டறை கிடையாது.

முதலில் உரிமம்

இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு தேர்வு நடத்திச் சான்றிதழும் உரிமமும் தருகிறது. விண்ணப்பம் 'சரள் சஞ்சார்' இணையதளத்தில். 12 வயது நிறைந்தவர் எழுதலாம். தேர்வில் இரண்டு பகுதிகள்: ரேடியோ நுட்பம், விதிமுறைகள். தொடக்க நிலையான 'ரெஸ்ட்ரிக்டட்' கிரேடுக்கு மோர்ஸ் தந்திக்குறி தேவையில்லை. 'ஜெனரல்' கிரேடுக்கு மோர்ஸ் உண்டு.

இணைய அங்காடியில் வாக்கி டாக்கி எளிதாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். உரிமம், அலைவரிசை பற்றிய விவரம் சொல்லாமல் அவற்றை விற்றதற்காக 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அங்காடிகளுக்கே நோட்டீஸ் அனுப்பியது. தேர்வுக்குப் படிக்க உதவும் அமைப்புகளில் ஒன்று 1983-ல் ஐதராபாத்தில் தொடங்கிய தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம். அருகில் உரிமம் பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. இந்தக் கலையில் குரு இல்லாதவர் செட்டுக்கு அதிகம் செலவழிப்பார்.

முதல் மாதம் காதுக்கு

உரிமம் வந்த அன்றே பேசத் துடிக்காதீர்கள். ஒரு மாதம் கேளுங்கள். யார் எப்படி அழைக்கிறார்கள், எங்கே இடைவெளி விடுகிறார்கள், சிக்னலின் தரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். '5, 9' என்றால் பேச்சு முழுதாகப் புரிகிறது, சிக்னலும் பலமாக இருக்கிறது என்று பொருள். முகதாட்சண்யத்துக்காக எல்லோருக்கும் '5, 9' கொடுப்பவர்கள் உண்டு. அப்படிக் கொடுத்தால் எதிராளி தன் ஆன்டெனா சரியாக வேலை செய்வதாக நம்பிக்கொண்டே இருப்பார். கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தை உலகத்துக்குப் புரியும்படி சொல்லவும் பழகுங்கள். ஹாம்கள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் குறியீடு வைத்திருக்கிறார்கள். வேலூர், அமிர்தி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் மூன்றும் எம்கே92 கட்டத்தில் வருகின்றன. சென்னை என்கே03.

கோளாறு பிடிக்கும் வரிசை

பொது விதி மூன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுலபமாகச் சோதிக்கக் கூடியதை முதலில் சோதியுங்கள். செட்டைத் திறப்பது கடைசி வேலை. புதியவரின் பெரும்பாலான கோளாறுகள் செட்டுக்கு வெளியேதான் இருக்கும்: பேட்டரி, வயர், கனெக்டர், ஆன்டெனா, அமைப்பு.

*செட் ஆன் ஆகிறது, பேசினால் அணைந்துவிடுகிறது.* மல்டிமீட்டரை வைத்தால் சார்ஜரோடு இணைந்த பேட்டரி 13.8 வோல்ட் காட்டும். அது செட் பேசாமல் சும்மா இருக்கும்போது காட்டும் அளவு. 100 வாட் செட் பேசும்போது ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 மீட்டர் தள்ளி பேட்டரியை வைத்தால், போக வர 10 மீட்டரில் சுமார் 0.12 ஓம் தடை. 20 ஆம்பியருக்கு 2.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். செட்டுக்குக் கிடைப்பது 11.4 வோல்ட், பல செட்கள் 11.7-க்குக் கீழே தள்ளாடும். தடித்த வயர் போடுங்கள், தூரத்தைக் குறையுங்கள். மின்னழுத்தத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது, செட்டின் முனையிலேயே அளந்து பாருங்கள்.

*ரிப்பீட்டர் கேட்கிறது, நாம் கூப்பிட்டால் திறப்பதில்லை.* ரிப்பீட்டர் என்பது நம் சிக்னலைக் கேட்டு மறுபடி அனுப்பும் நிலையம். அது திறக்காதது பெரும்பாலும் ஆளிடம் இருக்கும் கோளாறு. 145 மெகாஹெர்ட்ஸ் அடங்கிய 2 மீட்டர் பேண்டில் ரிப்பீட்டர் கேட்கும் அலைவரிசையும் பேசும் அலைவரிசையும் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். அந்த இடைவெளி பதிவாகியிருக்கிறதா? கூட்டலா, கழித்தலா? ரிப்பீட்டர் திறப்பதற்கு எதிர்பார்க்கும் டோன் வைத்திருக்கிறீர்களா? இந்த மூன்றையும் பார்த்த பிறகு மைக்கைச் சந்தேகப்படுங்கள்.

*ஒன்றுமே கேட்கவில்லை.* சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறங்கள். சர்ரென்ற இரைச்சல் வந்தால் செட் உயிரோடு இருக்கிறது. அடுத்து, நின்ற இடத்திலிருந்து ஓரடி, இரண்டடி நகருங்கள். இந்தப் பேண்டில் அலைநீளமே 2 மீட்டர். பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும், அரை மீட்டர் தள்ளி ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். பள்ளத்தாக்கில் நகர்ந்து பார்ப்பது இலவச ஆம்ப்ளிஃபயர்.

*ஆன்டெனா உயரத்தில் இருக்கிறது, சிக்னல் பலவீனம்.* கேபிளைப் பாருங்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டருக்கு, 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபல் தின்னும். அதாவது நாலில் மூன்று பங்கு. 5 வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது ஒன்றேகால் வாட். அதே கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் மிகக் குறைவாகவே தின்னும். ஆகவே ஒருவருக்கு நல்ல கேபிள் இன்னொருவருக்கு ஓட்டைக் குழாய். மழைக்காலத்துக்குப் பிறகு சிக்னல் மெல்ல மெல்லக் குறைந்தால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே செம்புப் பின்னல் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான், காயவைத்துப் பயனில்லை.

*எஸ்டபிள்யூஆர் ஏறிவிட்டது.* அனுப்பிய சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு இது. பயப்படுமுன் கணக்கைப் பாருங்கள். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம், 2 என்றால் 11, 3 என்றால் 25. 2 வரை பொறுத்துக்கொள்ளலாம். 3-ஐத் தொட்டால் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். ஆன்டெனாவைக் கழற்றி, அதே இடத்தில், ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடை மாட்டுங்கள். அப்போது எஸ்டபிள்யூஆர் 1-க்கு இறங்கினால் செட்டும் கேபிளும் குற்றமற்றவை என்று பெரும்பாலும் நம்பலாம், ஆன்டெனாதான் குற்றவாளி. டம்மி லோடு விலை குறைந்த பொருள், அது மிச்சப்படுத்தும் நேரம் அதிகம்.

*இரைச்சல் தாங்கவில்லை.* முதலில் பேட்டரியில் செட்டை ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் எதிரி வீட்டுக்குள். ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுக்கொண்டே வந்தால் ஆள் அகப்படுவார்: எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர். நிற்காவிட்டால் எதிரி வெளியே. மலையோர நிலங்களில் நொடிக்கு ஒருமுறை 'டக்... டக்' என்று கேட்டால், காட்டுப்பன்றிக்குப் போட்ட சோலார் வேலியைச் சந்தேகப்படுங்கள். இலை உரசினாலோ இன்சுலேட்டர் உடைந்தாலோ வேலி பொறி தெறிக்கும், ரேடியோவில் அது கேட்கும். நிலக்காரரிடம் பணிவாகச் சொல்லுங்கள். வேலி பழுது என்று தெரிந்தால் அவருக்கும் லாபம்தான்.

அமைதியான இடத்தின் மதிப்பு ஜவ்வாது மலைக்குப் புதிதல்ல. இருட்டைத் தேடித்தான் வானியலாளர்கள் இதே மலையில் காவலூருக்கு வந்தார்கள். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் திறந்துவைத்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவர் அழைப்புக்குறி வியூ2ஆர்ஜி. நட்சத்திரம் பார்ப்பவருக்கு விளக்கொளி எப்படியோ, நமக்குச் சார்ஜர் இரைச்சல் அப்படி.

மலையைத் தாண்ட வழி

கருவி சரி, ஆளும் சரி, இடம்தான் தடை என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? அலையை மாற்ற வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸ் அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பினால் பகல் நேரத்தில் பெரும்பாலும் அயனமண்டலம் அதைத் திருப்பிச் சுற்றுவட்டாரத்தின் மீது மழைபோல் கொட்டும். மலைக்கு மேலே ஏறி இறங்குவதால் பள்ளத்தாக்கு தடையாகாது. அமிர்தியிலிருந்து சென்னையைத் தொட இதுவே வழி. இதற்கு ஆன்டெனா உயரமாக வேண்டாம். 5 மீட்டர் உயரமே போதும். குறைந்த வசதியில் நன்றாக வேலை செய்வதால் பேரிடர்ப் பணிகளில் இம்முறைக்கு மவுசு. இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊரை விட்டுவிட்டுத் தூரதேசத்தைப் பிடிக்கும். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள்.

இதற்கு ஏற்ற டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைந்த இருபக்க வயர் ஆன்டெனா, கட்டும் கணக்கு எளிது. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.14 மீட்டர், பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம். கட்டி முடித்து அளந்தால் எஸ்டபிள்யூஆர் 6.9-ல் குறைவாக இருக்கிறதா? வயர் நீளம் கூடுதல். அதே கணக்கில் 6.9-க்கு 20.72 வரும், வித்தியாசம் 58 சென்டிமீட்டர். பக்கத்துக்கு 29 வெட்ட வேண்டும். ஒரேயடியாக வெட்டாதீர்கள், மடக்கி வைத்து அளந்து பிறகு வெட்டுங்கள். வெட்டிய வயர் வளராது.

எச்சரிக்கை: மின்கம்பிக்கு அருகில் வயர் வீசாதீர்கள். இடி இடித்தால் ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள். அமிர்தியைச் சுற்றியிருப்பது வனத்துறைக் காடு. அனுமதியில்லாமல் உள்ளே போகவோ மரத்தில் கட்டவோ கூடாது. உரிமத்தில் இடம் பற்றிய நிபந்தனைகளையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

செட் வாங்கப் பணமில்லையா?

ஐதராபாத் ஹாம் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' செட் உலகம் முழுக்கப் பல ஹாம்களின் மேசையில் இருக்கிறது. இந்தியக் கடைகளில் எளிதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே செய்யலாம் என்பது அதன் பெருமை. காயில் சுற்றத் தண்ணீர்க் குழாயின் வாஷரையே பயன்படுத்தினார்கள். இப்படி ஒரு செட்டைச் சால்டர் வைத்துக் கட்டி முடிப்பவருக்குச் சர்க்யூட் படம் பயம் காட்டாது.

வேலைக்கு எப்படி உதவும்?

தமிழ்நாட்டில் வானொலியைத் தொடங்கியவர்களே ஆர்வலர்கள்தாம். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் பிறந்த மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பண நெருக்கடியால் 1927-ல் நின்றபோது அதன் டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போனது. அங்கே 1930-ல் ஒலிபரப்பு தொடர்ந்தது. ஆர்வம் முன்னே வந்தது, உத்தியோகம் பின்னே வந்தது.

இன்றும் அதே வரிசைதான். காவல்துறைத் தொழில்நுட்பப் பிரிவு, ரயில்வே சிக்னல் தொலைத்தொடர்பு, விமான நிலையத் தகவல்தொடர்பு, மொபைல் டவர் பராமரிப்பு, கப்பல் மின்னணுவியல், செயற்கைக்கோள் தரைநிலையம் எல்லாவற்றிலும் ஆன்டெனா, கேபிள், மின்னழுத்தம், இரைச்சல் இவைதாம் அன்றாடப் பேச்சு. ஹாம் உரிமம் ஐடிஐக்கோ டிப்ளமோவுக்கோ மாற்றாகாது. ஆனால் நேர்முகத் தேர்வில் "எஸ்டபிள்யூஆர் என்றால் என்ன?" என்று கேட்டால் ஒருவர் புத்தக வரையறை சொல்வார், நீங்கள் கேபிளில் தண்ணீர் இறங்கிய கதையைச் சொல்லலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஹாம் உரிமத்தைக் கொண்டு சம்பாதிக்கக் கூடாது, வியாபாரச் செய்தி அனுப்பக் கூடாது. ஆபத்தில் உதவலாம், உதவ வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது ஹாம் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத், தொடர்புகள் அறுந்த நிலையில் தம் செட்டைக் கொண்டு செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அன்று அவர் நிலையம் முன்கூட்டியே அமைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டுத் தயாராக இருந்தது. பேரிடர் நாளில் கோளாறு பிடிக்க நேரம் கிடைக்காது. அது மற்ற நாளில் செய்து முடித்திருக்க வேண்டிய வேலை.

ஒரு நாற்பது பக்க நோட்டு

இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கத்தில் தொடர்புகள்: தேதி, நேரம், அலைவரிசை, அழைப்புக்குறி, சிக்னல். வலது பக்கத்தில் கோளாறுகள்: என்ன தெரிந்தது, எதைச் சந்தேகப்பட்டேன், எதைச் சோதித்தேன், உண்மையில் எது. கடைசிப் பத்தியில் ஒரே சொல் போதும்: கருவி, இடம், ஆள். நோட்டு நிறையும்போது 'ஆள்' என்ற சொல்தான் அதிகம் இருக்கும். வெட்கப்பட வேண்டாம், அதை மறைக்காமல் எழுதுகிறவரைத்தான் எந்தப் பட்டறையிலும் மேஸ்திரி பக்கத்தில் வைத்துக்கொள்வார்.