'கிஃப்ட்' என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள்!

எம்.எஸ். படிக்க ஜெர்மனி போகும் கனவில் இருக்கும் நண்பர்களே, அங்கே ஆய்வகத்தில் ஒரு பாட்டில் மேல் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தால், யாரோ நமக்காக வைத்துவிட்டுப் போன பரிசு என்று திறந்துவிடாதீர்கள். ஜெர்மனில் அதற்கு அர்த்தம் விஷம்! பரிசுக்கு அவர்கள் சொல்வது 'கெஷெங்க்'.

ஏதோ தற்செயலா ஒரே ஸ்பெல்லிங் அமைஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க. இரண்டும் ஒரே வேர்தான். ஆங்கிலத்தில் 'கிவ்', ஜெர்மனில் 'கேபன்'. இரண்டும் 'கொடு' என்ற வினை. அதிலிருந்து பிறந்த 'கிஃப்ட்' பழைய ஜெர்மனில் கொடையைத்தான் குறித்தது. அந்த அர்த்தம் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது, பெண்ணோடு சேர்த்துக் கொடுப்பது: வரதட்சணை. (விஷம்னு உள்ளேயே எழுதி வெச்சிருக்காங்க பாருங்க!)

சரி, கொடை எப்படி விஷமாச்சு? கிரேக்கத்தில் 'தோசிஸ்' என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவும் அதே சொல்தான். நம்ம 'டோஸ்' அங்கிருந்து வந்தது. இதைப் பார்த்துத்தான் ஜெர்மன்காரர்களும் தங்கள் 'கிஃப்ட்'டை மருந்துக்குப் பயன்படுத்தினார்கள். பிறகு அது கொல்லும் மருந்தாகச் சுருங்கியது. 16-ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ், எல்லாப் பொருளிலும் விஷம் உண்டு, அளவுதான் வித்தியாசம் என்று வாதிட்டார். அவர் ஜெர்மனில் எழுதிய அந்த வாதத்தில் 'டோஸ்', 'கிஃப்ட்' இரண்டும் வருகின்றன. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே!

விஷத்தை விஷம்னு நேரா சொல்ல மனுஷனுக்குக் கூச்சமும் உண்டு. நாமும் கடையில் எலி மருந்து, பூச்சி மருந்துன்னுதானே கேட்கிறோம்? எலிக்கு அதனால் எந்த நோயும் குணமாவதில்லை.

டச்சு மொழியில் 'கிஃப்ட்' கொடை, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் விஷம். அவ்வளவுதான்.

ஸ்வீடிஷ்தான் செம. எழுத்து அதே, உச்சரிப்பு 'யிஃப்ட்'. ஜெர்மனிடம் கடன் வாங்கிய 'விஷம்' ஒரு அர்த்தம். 'கல்யாணம் ஆனவர்' இன்னொரு அர்த்தம்! காரணம், பெண்ணைக் கட்டிக் கொடுத்தல். "பொண்ணு குடுத்திருக்கோம்"னு நம்ம ஊரில் சொல்வதே அங்கேயும்.

பழைய ஆங்கிலத்திலும் இது 'யிஃப்ட்'தான். பெண்ணுக்காகக் கொடுத்த மணப்பொருள் என்று அர்த்தம். இன்று நாம் சொல்லும் 'கி' ஒலியும், பரிசு என்ற பொருளும் வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தவை. அந்த மொழியின் வாரிசான ஸ்வீடிஷ் இப்போது 'யி'க்கு மாறிவிட்டது!