தனியார் கிளினிக் தரும் மருந்துக்கு யார் பொறுப்பு?

மண்டூரில் மீளக் குடியேறியிருக்கும் ஒருவர் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போவதென்றால், பாதையேறி வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வரவேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். சந்தியில் ஒரு தனியார் கிளினிக் இருந்தால் அங்கே போவது இயல்பு. அதில் பிழையில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கும் மருந்துக்குப் பொறுப்புச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் வைத்தியசாலைகளும் கிளினிக்குகளும் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆங்கில வைத்தியர் இலங்கை மருத்துவ சபையிலும், ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர் ஆயுர்வேத மருத்துவ சபையிலும் பதிந்திருக்க வேண்டும்.

கஞ்சா சேர்ந்த மருந்து

பழைய காயத்தின் வலிக்கும் நித்திரையின்மைக்கும் கஞ்சா நல்லதென்று யாரேனும் சொல்லலாம். இலங்கையில் கஞ்சா வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். பதிவுபெற்ற ஆயுர்வேத வைத்தியர் மட்டும், அனுமதியுடன், மருந்து தயாரிக்க அதைப் பயன்படுத்தலாம். அந்த அனுமதி அவருக்கே உரியது. துண்டில் எழுதித் தந்தார்கள் என்பதற்காக நீங்கள் இலையை வைத்திருக்க முடியாது. சோதனையில் பிடிபட்டால் நீதிமன்றத்தில் நிற்பது நீங்கள்தான்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்க்க வேண்டும். மனநோய் உள்ளவருக்குப் பயமும் குழப்பமும் கூடலாம். பழைய நினைவுகளால் நித்திரை இல்லையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கு சிகிச்சை இலவசம்.

மருந்து வாங்குமுன் கேளுங்கள்

1. வைத்தியரின் பெயரும் பதிவிலக்கமும் என்ன?
2. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பவற்றை உறையில் எழுதித் தருவீர்களா?
3. இதில் கஞ்சா, அபின், நித்திரை மருந்து ஏதும் உண்டா?
4. பற்றுச்சீட்டு தருவீர்களா?

பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் மருந்து வாங்காதீர்கள்.

பிழை நடந்தால்

முதலில் நோயாளியை அரச வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மிச்ச மருந்தையும் உறையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிறகு மட்டக்களப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குத் திகதியிட்டு முறைப்பாடு எழுதுங்கள். அதில் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியரின் நடத்தை பற்றியதென்றால் அவர் பதிந்துள்ள சபைக்கும் எழுதலாம். உறையும் பற்றுச்சீட்டும் இல்லாவிட்டால், உங்கள் சொல்லுக்கு எதிரே அவர்கள் சொல் மட்டுமே இருக்கும்.

கலந்துரையாடுவோம்: உங்கள் வீட்டில் இப்போதுள்ள மருந்து உறைகளை எடுத்துப் பாருங்கள். எத்தனையில் மருந்தின் பெயர் எழுதியிருக்கிறது?