எண்ணம் வேறு, உண்மை வேறு

உள்ளத்தில் தோன்றும் எண்ணமெல்லாம் உண்மையாகிவிடாது. ஆயினும் நாம், தோன்றியதையே நடந்ததாக நம்பிக் கோபிக்கிறோம், அழுகிறோம், உறவையும் முறித்துக்கொள்கிறோம். ஆண்கள் சபுரில் இருக்க, பெண்கள் தனித்து நின்று வீட்டைக் காக்கும் பெரியபட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இந்நோய் புகுந்துவிட்டால் அதன் கேடு பெரிது.

ஓர் உதாரணம். மனைவி செல்பேசியில் அனுப்பிய செய்தியை, வளைகுடாவிலுள்ள கணவர் பார்த்துவிட்டார். இரவுவரை பதில் இல்லை. உடனே அவள் உள்ளம் பேசத் தொடங்குகிறது.

"அவருக்கு என்மேல் வெறுப்பு." இது பிறர் மனத்தைப் படித்துவிட்டதாகக் கருதும் பிழை.

"எப்போதுமே இப்படித்தான்." இது ஒரு நாளைக் கொண்டு எல்லா நாளையும் அளக்கும் பிழை.

"என் வாழ்வே பாழ்." இது சிறு கீறலைப் பெருங்காயமாக்கும் பிழை.

"எல்லாம் என் குற்றம்." இது ஆதாரமின்றித் தன்மேலே பழி சுமத்தும் பிழை.

அவள் கண்ணால் கண்டது ஒன்றே: பதில் வரவில்லை. மற்ற அனைத்தும் யூகம். வேலை நேரம் நீண்டிருக்கலாம், அயர்ந்து உறங்கியிருக்கலாம்.

1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வுற்றோரிடம் இத்தகைய பிழைகளைக் கண்டு, அவற்றைச் சோதித்துத் திருத்தும் சிகிச்சை முறையை வகுத்தார். அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பல்கு நாட்டு அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (கி.பி. 850–934) உடலுக்கும் உள்ளத்துக்குமான நலன்களைப் பற்றி 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதினார். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகிய நான்கையும் அதில் ஆராய்ந்தார். நோய்க்கு மருந்தை முன்கூட்டியே வீட்டில் வைத்திருப்பதுபோல, மனம் நலமாக உள்ளபோதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வையுங்கள் என்பது அவர் யோசனை.

திருமறையின் 'ஹுஜுராத்' அத்தியாயம், வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. யூகங்கள் பலவற்றை விட்டு விலகும்படியும், பிறர் குறையைத் துருவாதிருக்கும்படியும் எச்சரிக்கிறது.

ரமளானில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, அவர்களைக் காண வந்த துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்களை இரவில் வழியனுப்ப எழுந்து சென்றார்கள். அன்ஸார்கள் இருவர் விரைந்து கடக்கவே, அவர்களை நிறுத்தி, உடனிருப்பவர் தம் மனைவியே எனத் தெளிவுபடுத்தினார்கள். ஷைத்தான் அவ்விருவர் உள்ளத்தில் தீய எண்ணத்தைப் போட்டுவிடக்கூடாதே என்ற கவலைதான் காரணம். யூகிக்காதிருப்பது ஒருவர் கடமையாயின், யூகத்துக்கு இடம் வைக்காதிருப்பது மற்றவர் கடமை. சபுரில் உள்ளவர், "வேலையில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்" என ஒரு வரி அனுப்பினால் ஒரு வீடு நிம்மதியாக உறங்கும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். மனம் கலங்கினால் ஒளூச் செய்து அமருங்கள். ஒரு தாளில் கண்டதை ஒருபுறமும், நினைத்ததை மறுபுறமும் எழுதுங்கள். நினைத்ததற்கு ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்குமா என்று கேளுங்கள். பிறகு உரியவரிடமே பணிவாக விசாரியுங்கள். கடலில் கருமையாகத் தெரிவது பாறையாகவும் இருக்கலாம், மேக நிழலாகவும் இருக்கலாம். நிதானித்துப் பார்ப்பவரே படகைச் சரியாகத் திருப்புவார்.

பாறையாகவே இருந்தால்? அடி, வசை, ஏமாற்று போன்றவை மெய்யாகவே நடந்தால், அதை 'கெட்ட எண்ணம்' என்று மறைக்கலாகாது. பெரியவர்களிடமும் சட்டத்திடமும் முறையிடுக. துக்கம் வாரக்கணக்கில் நீடித்து, உறக்கமும் உணவும் கெட்டால் மருத்துவரை நாடுவதில் வெட்கமில்லை. 2022-இல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இலவச எண் 14416-லும் பேசலாம். மருந்து தேடுவதும் நபிவழியே.

தெளிந்த உள்ளத்தையும் நல்லெண்ணத்தையும் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.