எந்த ராக்கெட் நல்லது?

சித்தூர் பக்கம் ஒரு கிராமம். அங்குள்ள இளைஞர் மன்றம் பிள்ளைகளுக்கு ராக்கெட் விட்டுக் காட்ட விரும்பியது.

திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1971 அக்டோபர் 9-ஆம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அதன் பெயர் ரோகிணி-125. அதன் அகலம் 125 மில்லிமீட்டர்தான். ஒரு சாண் கூட இல்லை! 2023-ல் அங்கிருந்துதான் சந்திரயான்-3 நிலவுக்குப் புறப்பட்டது.

"பட்டாசு மருந்தைத் திணித்து நாமே செய்வோம்" என்றான் ஒரு தம்பி.

"வேண்டாம்பா. வெடித்தால் கண்ணும் கையும் போய்விடும். தண்ணீர் ராக்கெட் செட் வாங்குவோம்" என்றார் மன்றத்து அக்கா.

தண்ணீர் ராக்கெட்டுக்கு நெருப்பு வேண்டாம். கெட்டியான சோடா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்ற வேண்டும். சைக்கிள் பம்பால் காற்று அடிக்க வேண்டும். பூட்டை விடுவித்தால், காற்று தண்ணீரைக் கீழே தள்ளும். பாட்டில் மேலே பாயும். பெரிய ராக்கெட்டில் புகை கீழே பாய்கிறது. ராக்கெட் மேலே போகிறது. இரண்டும் ஒரே முறைதான்.

செட் வாங்கும்போது பாருங்கள்:

• தூர நின்று கயிற்றால் இழுத்து விடும் பூட்டு இருக்கிறதா?
• பாட்டிலில் விரிசல் இல்லையே?

திறந்த வெளியில் விடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

பதில் சொல்லுங்கள்: பட்டாசு மருந்து ஏன் வேண்டாம்?