கேஸ் போட்டால் தீருமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கார் ஏசியில் கூலிங் குறைந்தால் ஊருக்கே தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: “கேஸ் போட்டா சரியாயிடும்.” இப்போது சின்ன டின், ஒரு குழாய், ஒரு மீட்டர் மூன்றும் சேர்த்தே கடையில் கிடைக்கின்றன. வீடியோவைப் பார்த்து வீட்டு வாசலிலேயே கேஸ் ஏற்றிக்கொள்பவர்களும் பெருகிவிட்டார்கள். சொந்த வண்டியைத் தானே சரிபார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் கோளாறு எங்கே என்று பார்க்காமல் கேஸில் தொடங்கினால், சில நூறு ரூபாயில் முடியவேண்டிய வேலை கம்ப்ரசர் மாற்றுவதில் போய் நிற்கும்.

நம்பிக்கை: “ரெண்டு வருஷமாச்சு, கேஸ் தீர்ந்திருக்கும்.”

உண்மை: பெட்ரோல்தான் எரிந்து தீரும். ஏசி கேஸ் மூடிய சுற்றுக்குள் ஓடுவது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது, முன்பக்கக் கண்டென்சரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகக் கூலிங் காயிலுக்குள் பாய்ந்து ஆவியாகிறது, மறுபடி கம்ப்ரசருக்கே திரும்புகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகச் சிறுகச் சிறுக வெளியேறுவது உண்டு. அதனால் கூலிங் குறையப் பல ஆண்டுகள் ஆகும். போன கோடைக்குப் போட்ட கேஸ் இந்தக் கோடைக்கு இல்லையென்றால், அது கசிந்திருக்கிறது.

கசிவைக் கண்ணால் தேடலாம். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தே சுற்றுவதால், கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வரும். அதன்மேல் புழுதி ஒட்டி, விரல் வைத்தால் பிசுபிசுக்கும் கறுப்புத் திட்டு உண்டாகும். இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறியபின் பைப் இணைப்புகள், கண்டென்சரின் முகம், கம்ப்ரசரின் முன்பகுதி, சார்ஜிங் வால்வின் மூடி ஆகியவற்றைப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் சோப்பு நுரை தடவினால் பெரிய கசிவு குமிழி விடும். பொடிக் கசிவுக்கு ஒர்க்‌ஷாப்பில் யுவி டை ஊற்றிப் பார்ப்பார்கள்.

நம்பிக்கை: “மீட்டர் 100 காட்டுது, கேஸ் ஃபுல்.”

உண்மை: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது மீட்டர் காட்டுவது கேஸின் அளவை அல்ல, வெயிலின் அளவை. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிற்கும். உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும்வரை, 450 கிராம் இருந்தாலும் 250 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான்.

இன்ஜின் ஓடும்போது எடுக்கும் அளவுக்குப் பொருள் உண்டு. ஆனால் அதற்குக் கம்ப்ரசருக்குத் திரும்பும் லோ சைடு, கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் ஹை சைடு இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். டின்னோடு வரும் மீட்டர் லோ சைடை மட்டுமே காட்டும். அங்கே அழுத்தம் குறைந்திருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம், எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்தும் இருக்கலாம். கேஸைச் சரியாக அளக்கத் தராசு ஒன்றுதான் வழி: இருப்பதை முழுக்க வெளியே எடுத்து, பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் அச்சிட்ட கிராம் கணக்கில் திரும்ப நிரப்பவேண்டும்.

நம்பிக்கை: “கொஞ்சம் கூடுதலாப் போட்டா இன்னும் ஜில்லுனு இருக்கும்.”

உண்மை: நேர் எதிர். சின்னக் கார்களில் மொத்தமே 400, 500 கிராம் அளவுதான் கொள்ளும். கூடுதலாக ஏற்றிய கேஸ் திரவமாகிக் கண்டென்சரின் இடத்தை அடைத்துக்கொள்ளும். வெப்பத்தை வெளியேற்ற இடம் குறைந்து, ஹை சைடு அழுத்தம் ஏறி, கூலிங் இறங்கும். கம்ப்ரசர் திணறும், பிரஷர் சுவிட்ச் அடிக்கடி அதை நிறுத்திவிடும்.

இன்னோர் ஆபத்து: டின்னை ஹை சைடில் மாட்டினால் அது வெடிக்கக்கூடும். அதனால்தான் 134ஏ வண்டிகளில் இரண்டு வால்வுகளையும் வெவ்வேறு அளவில் செய்திருக்கிறார்கள். பொருந்தாத குழாயை வலிந்து மாட்டாதீர்கள்.

நம்பிக்கை: “ஓடும்போது ஜில், சிக்னல்ல நின்னா சூடு. கேஸ் கம்மி.”

உண்மை: முதலில் சந்தேகப்படவேண்டியது கண்டென்சர் ஃபேனை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றதும் அந்த வேலை ஃபேனுடையது. ஏசியைப் போட்டுவிட்டு முன்னால் நின்று கவனியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் உடனேயோ சற்று நேரத்திலோ ஃபேன் சுழலவேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே எண்ணாக இருந்தால் இடம்மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் சொல்லாமல் சுழலத் தொடங்கும். கையை உள்ளே விடாதீர்கள்.

ஃபேன் நன்றாக ஓடினால், கண்டென்சரில் புழுதியும் பூச்சியும் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். தோட்டக் குழாய்த் தண்ணீரை மெதுவாக அடித்தால் போதும். வாட்டர் வாஷ் பிரஷரில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைபடும்.

நம்பிக்கை: “காத்தே வரல, ஏசி வீக்.”

உண்மை: காற்று வேறு, குளிர்ச்சி வேறு. காற்று குறைந்தால் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடியும். ப்ளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால் அதன் ரெசிஸ்டர் போயிருக்கும். நீண்ட பயணத்தில் காற்று படிப்படியாகக் குறைந்து, ஏசியைப் பத்து நிமிடம் நிறுத்தியதும் திரும்பினால், கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயில் சென்சாரைப் பரிசோதிக்கவேண்டும். வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் காயில் வியர்த்தது; அது கோளாறல்ல. அதே தண்ணீர் உள்ளே கால்மிதியை நனைத்தால் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது.

நம்பிக்கை: “கம்ப்ரசர் இழுக்கல, ஒயரை நேரா கொடுத்துடு.”

உண்மை: கேஸ் மிகவும் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது. அது கோளாறல்ல, காவல். உயவு ஆயில் கேஸோடுதான் சுற்றுகிறது. கேஸ் இல்லையேல் ஆயிலும் போய்ச்சேராது. சுவிட்சை ஒதுக்கிவிட்டு ஒயரை நேராகக் கொடுத்தால், கம்ப்ரசர் வறண்டு ஓடிப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து உதிரும் உலோகத் தூள் சுற்று முழுக்கப் பரவினால் கண்டென்சரும் வால்வும் சேர்ந்தே செலவில் வரும்.

நம்பிக்கை: “ஓ-ரிங் மாத்தியாச்சு, வேக்குவம் எதுக்கு?”

உண்மை: பைப்பைத் திறந்தவுடன் காற்றும் ஈரமும் உள்ளே போய்விடும். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக அடைக்கும். ஆயிலோடு கலந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். வேக்குவம் பம்ப் அழுத்தத்தை அடியோடு இறக்கும்போது, சாதாரண வெப்பத்திலேயே அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளுவது இதற்கு ஈடாகாது. அப்படி வீணாக விடும் 134ஏ, பூமியைச் சூடாக்குவதில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். கசிவை அடைப்பதாகச் சொல்லும் டின் மருந்தையும் தவிருங்கள்; உள்ளே ஈரம் இருந்தால் அது வால்வுக்குள்ளேயே இறுகக்கூடும்.

நம்பிக்கை: “வெறும் கேஸ்தானே, என்ன ஆகிடும்?”

உண்மை: 134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். தோலில் பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் வால்வைத் தொடாதீர்கள். விலை குறைகிறதென்று பெயர் தெரியாத சிலிண்டரையோ எரியும் கேஸையோ ஏற்றாதீர்கள். 2011-ல் போலி 134ஏ ஏற்றிய குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து உயிர்கள் போயின. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் கம்ப்ரசருக்குப் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள் உயர் மின்னழுத்தம். ஆயிலும் வேறு வகை. அங்கே வீட்டு வேலை கேபின் ஃபில்டரோடு நிற்கட்டும்.

ஆக, பார்ப்பது, கேட்பது, கழுவுவது, ஃபில்டர், ஃபியூஸ், ரிலே எல்லாம் வீட்டில் செய்யலாம். பைப்பைத் திறக்கும் வேலை மெஷினும் தராசும் உள்ள இடத்தில் நடக்கட்டும். அங்கே மூன்று கேள்வி கேளுங்கள்: கசிவு எங்கே? வேக்குவம் எவ்வளவு நேரம்? வண்டியிலிருந்து எத்தனை கிராம் வந்தது? அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை ஒட்டியிருந்தால், உங்கள் வண்டிக்குக் கேஸ் பிரச்சினையே இல்லை. வேறு இடத்தில் தேடச் சொல்லுங்கள்.